படலையில் அறுந்துபோகும் அழைப்பு

நேயர்களுக்கு வணக்கம். கைத்தொலைபேசி ஒருவகை வலையமைப்பிலிருந்து வேறுவகை வலையமைப்புக்குத் தாவும்போது பேச்சு அறாமல் இருக்க வேண்டுமானால், அதற்கான நியமங்களை யார் எழுதுவது என்பது என்னை நெடுங்காலமாகப் பிடித்து வைத்திருக்கும் விடயம். கேட்க வறட்சியாகத் தோன்றினாலும் அதன் பலனை நீங்கள் அன்றாடம் அனுபவிக்கிறீர்கள்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு தாய், கட்டாரில் வேலை செய்யும் மகனுடன் வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே வளவைக் கடந்து படலையைத் திறக்கிறார் என்று வையுங்கள். அந்த இடத்தில்தான் குரல் இழுபடும். "கேட்குதா மகன், கேட்குதா" என்று அவர் இரண்டு மூன்று தரம் கேட்பார். வீதியில் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலை தாராளமாகக் கிடைத்தாலும், கருவி வீட்டு வைஃபையின் கடைசிச் சமிக்ஞைக் கோட்டை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். ஒருவாறு விட்டதும் இணைய முகவரி மாறிவிடும். பழைய முகவரிக்குப் புறப்பட்ட பேச்சுத் துணுக்குகள் வழியிலேயே வீணாகும்.

அதே தாய் பஸ்ஸில் கல்முனைக்குப் போகும் வழியில் கோபுரம் கோபுரமாக மாறினாலும் சாதாரண அழைப்பு பெரும்பாலும் அறுவதில்லை. அங்கே எல்லாம் ஒரே வகை. 1998இல் உருவான 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு கருவிக்கும் கோபுரத்துக்கும் சேர்த்தே நியமம் எழுதுகிறது. எப்போது மாறுவது என்பதையும் வலையமைப்பே கட்டளையிடுகிறது. படலையில் அப்படி இல்லை. வைஃபை, ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் சங்கம் எழுதிய நியமம், கோபுரம் 3ஜிபிபியினுடையது, முகவரியும் அதன் இடமாற்றமும் இணைய நியமங்களை எழுதும் ஐ.ஈ.ரி.எஃப். பார்க்கும் அலுவல். படலைக்கு உரித்தாளர் மூவர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

2004இல் ஐ.ஈ.ஈ.ஈ.யில் 802.21 என்ற குழு, வகைவிட்டு வகை தாவும் இந்தச் சிக்கலுக்கெனத் தொடங்கப்பட்டு, அதன் நியமம் 2009இல் வெளிவந்தது. இணைப்பு நலிகிறது என்ற அறிவிப்பு, மாறு என்ற கட்டளை, அருகில் எந்த வலையமைப்புகள் உள்ளன என்ற தகவல் ஆகிய மூன்றையும் அது வரையறுத்தது. அச்செய்திகளை இணையத்தின் வழியே எடுத்துச் செல்வதும், அவற்றை வழங்கும் சேவையகத்தைக் கண்டுபிடிப்பதும் ஐ.ஈ.ரி.எஃப்.இன் பங்காயின. கடிதத்தில் என்ன எழுதுவது என்பதை ஒருவரும், அதை எப்படிச் சேர்ப்பிப்பது என்பதைத் தபாற்கந்தோரும் பார்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடு அது. இந்தப் பங்கீட்டைக் குறைகூறுவோர் உண்டு; நான் கூற மாட்டேன். அவரவர் அறிந்ததை அவரவர் எழுதியதால் ஒரே வேலையை இருவர் முரணாகச் செய்யும் நிலை தவிர்ந்தது.

என் மனக்குறை வேறு. எந்தக் கணத்தில் மாறுவது என்ற தீர்மானத்தை 802.21 வேண்டுமென்றே வெளியே விட்டுவிட்டது. அதனைக் கருவி செய்வோரும் சேவை வழங்குவோரும் தம் விருப்பப்படி செய்யலாம் என்றாயிற்று. 3ஜிபிபியோ தனது நியமங்களின் எட்டாவது வெளியீட்டில், எந்த வலையமைப்பைத் தேர்வது என்று கருவிக்கு வழிகாட்டும் ஏற்பாடொன்றைத் தானே உண்டாக்கிக்கொண்டது. கோபுரங்களை உடையவர்கள் தம் வழியே சென்றபின், 802.21 சந்தைக் கருவிகளில் பரவ இடமிருக்கவில்லை. மூவரும் எழுதியும் படலையில் தீர்மானிப்பவர் எவரும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். புதிய வலையமைப்பு உங்களை இன்னாரென உறுதிசெய்ய எடுக்கும் நேரமும் தாமதத்தைக் கூட்டுகிறது. அதைக் குறைக்கும் வழிகளையும் சேர்த்து 802.21ஏ என்ற பாதுகாப்புக்கான நியமத் திருத்தம் 2012இல் வந்தது என்பதை மட்டும் குறிப்பிட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.