பாக் நீரிணையில் எல்லைக் காவல்: கருவியும் பேச்சும்

நேயர்களுக்கு வணக்கம்.

எல்லைப் பாதுகாப்பு என்றதும் முள்வேலியும் துப்பாக்கி ஏந்திய ஜவானும்தான் நம் நினைவுக்கு வரும். ராமநாதபுரம் மாவட்டத்து எல்லையில் வேலி போட வழியில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி அதில் ஒரு கோடு ஓடுகிறது. தண்ணீரில் பார்த்தால் தெரியாது, கருவியில் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கருவிகளைப் படகுகளில் பொருத்தி, பழுது பார்க்கிற தொழிலில் இருக்கிறவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள்.

ஒரு விசைப்படகின் வீல்ஹவுஸுக்குள் போனால் ஜிபிஎஸ், பக்கத்திலேயே ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், தலைக்கு மேலே பேசுவதற்கு வி.எச்.எஃப். ரேடியோ இருக்கும். ஜிபிஎஸ் திரையில் டிரைவர் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருப்பார். எந்தக் கடலடிப் பாறையில் (பாரில்) வலை கிழியும், போன மாதம் இறால் எங்கே பட்டது, எல்லாம் அதில் உண்டு. எல்லைக் கோடும் உண்டு. நெருங்கினால் சத்தம் போடும்படி வைத்துக் கொடுக்கலாம். கொஞ்ச நாளில் சிலர், "அண்ணே, காது வலிக்குது, அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்து விட்ருங்க" என்று வந்து நிற்பார்கள்.

அதனால் எல்லை தெரியாமல் போய்விட்டார்கள் என்று செய்தி வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். இன்ஜின் நின்று, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போவது உண்மையிலேயே நடக்கும். ஆனால் எல்லாமே அப்படி நடப்பதில்லை. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகு அதைத் தாண்டித்தான் வலை போட வேண்டும். அந்தக் கரையோரப் பகுதிக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவே மிஞ்சுவது ஓர் ஒடுங்கிய பட்டை. நூற்றுக்கணக்கான படகுகள் அதற்குள்ளேயே மடி, அதாவது கடலடியை வாரும் இழுவலை, இழுத்தால் எத்தனை வருஷம் மீன் மிஞ்சும்? அதனால்தான் கோட்டைத் தாண்டுகிறார்கள். அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நம் மடியில் மாட்டி வலை அறுந்து நிற்பவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். இழுவை மடியை இலங்கை 2017-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இந்தச் சிக்கலை எந்த ஆன்டெனாவாலும் தீர்க்க முடியாது.

சரி, கருவியால் ஆவது என்ன? 2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்கிற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில்தான் வந்தார்கள். அதன் பிறகுதான் கடற்கரை நெடுகிலும் ரேடார்கள் வந்தன, மீனவர்களுக்கு விரல்ரேகை பதிந்த அடையாள அட்டை வந்தது. படகின் இருப்பிடத்தைத் தானாகவே சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவியை 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். நம்மூர்ப் படகுகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் வராது. ஃபைபர் வள்ளமோ ரேடாரிலும் சரியாக விழாது.

அந்த ஓட்டையை அடைக்க இப்போது டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது. நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாயில் 2024-ல் திட்டம் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் வழியாக வேலை செய்வதால் செல்போன் டவர் எட்டாத இடத்திலும் பேசும். ஆபத்தென்றால் படகிலிருந்து செய்தி போகும், புயல் எச்சரிக்கை கரையிலிருந்து வரும், எல்லையை நெருங்கினால் சொல்லும். "நாங்க எங்க போறோம்னு கவர்மென்ட் பாத்துக்கிட்டே இருக்கும்ல?" என்று கேட்கிறார்கள். இருக்கும்தான், மறைத்து என்ன பயன்? ஆனால் அதே பார்வைதான் இன்ஜின் நின்ற இரவில் உங்களைத் தேடி வரும். அதையும் சேர்த்துச் சொல்லிப் பொருத்த வேண்டும். கண்காணிக்க மட்டும் என்று நினைத்துவிட்டால் வயரைப் பிடுங்கிப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

கடத்தல் விஷயத்துக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் மண்டபம் பக்கம் ஒரு படகை மடக்கியபோது, அதிலிருந்தவர்கள் பொட்டலத்தைக் கடலில் வீசிவிட்டார்கள். கடலோரக் காவல்படையின் முக்குளிப்பவர்கள் அடியில் தேடி 17 கிலோவுக்கு மேல் தங்கத்தை எடுத்தார்கள். தங்கம் அங்கிருந்து இங்கே வருகிறது என்றால், கடலடியில் வாழும் கடல் அட்டை இங்கிருந்து அங்கே போகிறது. இந்தியாவில் 2001 முதல் அதைத் தொட்டாலே வனவிலங்குச் சட்டம் பாயும். இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். இங்கே குற்றமான சரக்கு கோட்டைத் தாண்டியதும் வியாபாரச் சரக்காக மாறிவிட்டால், நம் பக்கம் எத்தனை ரேடார் வைத்தும் என்ன? புறப்பட்ட படகைப் பற்றி இங்கிருந்து தகவல் போய், அங்கே இறங்கும் இடத்தில் ஆள் நிற்க வேண்டும்.

அதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. இரு நாட்டுக் கடற்படையினரும் ஆண்டுதோறும் எல்லைக் கோட்டிலேயே கப்பலில் சந்தித்துப் பேசுகிறார்கள். இந்தியா 60 லட்சம் டாலர் கொடுத்து, கொழும்பில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் அமைந்து, 2024 ஜூனில் திறப்பு விழாவும் நடந்தது. பருத்தித்துறை வரை அதன் கிளைக் கருவிகள் இருக்கின்றன.

மீனவர் பிரச்சினைக்கென்று 2016-ல் ஒரு கூட்டுப் பணிக்குழு வைத்தார்கள். இரு நாட்டுக் கடலோரக் காவல்படைகளுக்கும் நேரடித் தொலைபேசித் தொடர்பு என்று அப்போது பேசினார்கள். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறாவது கூட்டம் நடந்தது 2024 அக்டோபரில்! கருவி வாங்கப் பணம் கிடைக்கிற வேகத்தில் உட்கார்ந்து பேச நாள் கிடைப்பதில்லை.

அடுத்த முறை கூடும்போது ஒரு சின்ன விஷயத்தைப் பேசலாம் என்பது என் யோசனை. மடி இழுக்கிற படகு மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல் வேகத்தில் போய்ப் போய்த் திரும்பும். இன்ஜின் நின்ற படகு நீவாட்டின் போக்கில் நகரும். டிரான்ஸ்பாண்டர் பதிவில் இந்த இரண்டு தடத்தையும் என்னைப் போன்ற மெக்கானிக்கே பிரித்துச் சொல்லிவிடுவான். பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமிருக்காது. அந்தப் பதிவை இரண்டு நாடும் சாட்சியமாக ஏற்றுக்கொண்டால், பழுதாகி ஒதுங்கியவர் சிறைக்குப் போகாமல் ஊர் திரும்பலாம், தெரிந்தே மடி இழுத்தவருக்கும் பொய் சொல்ல இடமிருக்காது. இதற்குப் புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்தத் தடம் எதைச் சொல்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. சந்தேகப்படும்படியான படகைப் பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வணக்கம்.