பாப்பாபட்டியில் பிறந்து பாக் நீரிணைக்காகப் பேசியவர்

(தங்கச்சிமடத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கடலுக்குப் போய்க் கரை திரும்பிய களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கச்சத்தீவு என்று சொன்னால் நமக்கு இரண்டு பிரதமர்கள் பெயர் நினைவுக்கு வரும், சில முதலமைச்சர்கள் பெயர் வரும். பாக் நீரிணையில் இருக்கும் அந்தத் தீவு இலங்கைக்குக் கைமாறிய நேரத்தில் நம் இராமநாதபுரம் தொகுதிக்கு மக்களவை உறுப்பினராக இருந்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அவர் பி.கே. மூக்கையாத் தேவர். இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

அவர் கடற்கரைக்காரர் அல்ல. 1923ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியில் பிறந்தவர். அது மானாவாரிச் சீமை. அவர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, அதே வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், கைரேகை பதிய மாட்டோம் என்று நின்ற மக்களை வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சில சாதியினரைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் ஆண்ட காலம் அது. ஆண்பிள்ளைகள் இரவானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும். 1947இல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. அப்போது மூக்கையாத் தேவருக்கு 24 வயது.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தன் மண்ணில் நடமாட இன்னொருவனிடம் அனுமதி கேட்டு நிற்பதன் வலி என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாட்டன் முப்பாட்டன் வலை விரித்த நீரில் இனிப் போகலாமா கூடாதா என்ற கேள்வி இந்தக் கரைக்கு வந்தபோது, உசிலம்பட்டிக்காரர் ஒருவர் அதைத் தன் சொந்தப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1952இல் பெரியகுளத்தில் வென்று சட்டமன்றம் போனார். 1957 முதல் உசிலம்பட்டி அவருடைய தொகுதியானது. 1963இல் பசும்பொன் தேவர் மறைந்தபின் தமிழகத்தில் அவருடைய பார்வர்டு பிளாக் கட்சியைத் தோளில் சுமந்தவர் இவரே. 1967இல் அண்ணா முதலமைச்சரான புதிய சட்டமன்றத்துக்குத் தற்காலிக சபாநாயகராக இருந்தார். உசிலம்பட்டியிலும், நம் மாவட்டத்துக் கமுதியிலும், தெற்கே மேலநீலிதநல்லூரிலும் பசும்பொன் தேவர் பெயரில் கல்லூரிகள் எழுந்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பு அவருடையது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனை பிள்ளைகள் கமுதிக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்கே தெரியும்.

1971 தேர்தலில் நம் தொகுதி அவரை டெல்லிக்கு அனுப்பியது. மூன்று ஆண்டுகளில் அந்தச் சோதனை வந்தது.

1974 ஜூன் 26ஆம் தேதி கொழும்பிலும் 28ஆம் தேதி டெல்லியிலும் கையெழுத்தானது, கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டு எல்லை வகுத்த ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்கள் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும். நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அதைப் பற்றி அறிக்கை வைத்தது ஜூலை 23ஆம் தேதி. நடுவில் 25 நாள். நம் நாட்டில் வெளிநாட்டு ஒப்பந்தம் எதற்கும் கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே தீவு எந்தத் தொகுதியோடு சேர்ந்ததோ அந்தத் தொகுதியின் உறுப்பினர் வாய் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முடிந்த காரியம்தானே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. இராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமாக இருந்த தீவு இது, என் தொகுதி மக்களின் உரிமை இது என்று எழுந்து வாதாடினார். அன்று தி.மு.க.வின் இரா. செழியன் கண்டனக் குரல் எழுப்பினார். வாஜ்பாய் எதிர்த்தார். முஸ்லிம் லீக்கின் எஸ்.எம். முகமது ஷெரீப் சாகிப் பேசினார். ஷெரீப் சாகிப் 1967இல் இதே இராமநாதபுரத்தில் வென்றவர், 1971இல் பெரியகுளத்தில் வென்றவர். நம் தொகுதியின் முந்தைய உறுப்பினரும் அன்றைய உறுப்பினரும் வேறு வேறு கட்சி, வேறு வேறு கொடி. ஆனாலும் ஒரே நாளில், ஒரே அவையில், இந்தக் கரைக்காக எழுந்து நின்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

அவர்கள் வெறும் ஆவேசத்தில் பேசவில்லை. கையில் ஆதாரம் இருந்தது. சாயவேர் எடுப்பதற்காகச் சேதுபதி ஜமீன் 1880இலேயே விட்ட குத்தகை இருந்தது. இராமேசுவரத்துக் கிராமக் கணக்கில் சர்வே எண் 1250, பரப்பு 285 ஏக்கர் 20 சென்ட் என்ற பதிவு இருந்தது. நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கட்டிய அந்தோணியார் கோயில் அங்கே நிற்கிறது. அரசு தரப்பில் சொன்ன வாதம் வேறு. இது நிலத்தை விட்டுக்கொடுப்பதே அல்ல, தகராறில் இருந்த எல்லையைத் தீர்த்துக்கொள்வது மட்டுமே என்றார்கள். அப்படிச் சொன்னதால் அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்படாமல் போனது. மேற்கு வங்கத்துப் பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960இல் என்ன சொன்னது? இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்றது. அந்தக் கதவு கச்சத்தீவுக்கு மூடப்பட்டது.

மீன்பிடி உரிமை, திருவிழாவுக்குப் போகும் உரிமை எல்லாம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்று அமைச்சர் அவையில் உறுதி சொன்னார். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாம் பிரிவு பழைய வழக்கப்படி படகுகள் ஒன்றன் நீரில் மற்றொன்று போய்வரும் உரிமையைச் சொல்கிறது. இரண்டு ஆண்டு போகவில்லை. 1976 மார்ச் 23ஆம் தேதி இன்னொரு ஒப்பந்தம், அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களின் கடிதம். ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மறு நாட்டு நீரில் தொழில் செய்யக்கூடாது என்று அந்தக் கடிதம் சொன்னது. அப்போது நெருக்கடி நிலை. தமிழகத்தில் ஆட்சி ஜனவரி 31ஆம் தேதியே கலைக்கப்பட்டுவிட்டது. கேட்க ஒரு சட்டமன்றம்கூட இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தீவு திரும்பி வந்தால் நம் துன்பம் எல்லாம் தீரும் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்குப் பல விசைப்படகுகள் போகும் இடம் கச்சத்தீவையும் தாண்டியது. அங்கே வலை போடும் வடமராட்சி, மன்னார் மீனவனும் தமிழன், அவன் வலையும் அறுபடுகிறது. விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதைப் பற்றி நாட்டுப்படகுக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஆனால் பேசும்போது நம் உரிமை எது, அது எப்படிப் போனது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டாமா?

மூக்கையாத் தேவர் 1977இல் மறுபடி உசிலம்பட்டி மக்களின் சட்டமன்ற உறுப்பினரானார். 1979 செப்டம்பர் 6ஆம் தேதி மறைந்தார். வயது 56.

மக்களவை விவாதங்கள் எல்லாம் அச்சாகியிருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. இந்தக் கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1974 ஜூலை 23ஆம் தேதிப் பகுதியை எடுங்கள். அமைச்சர் சொன்னதையும், நம் உறுப்பினர் சொன்னதையும், ஷெரீப் சாகிப் சொன்னதையும் ஒரு வரி விடாமல் தமிழில் எழுதுங்கள். எழுதியதைப் பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்று ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் ஒரு படி வைப்போம். அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். வேலையை எடுத்துக்கொள்ள முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து பெயர் கொடுங்கள்.