வேலூருக்கு ஒரு ஊர்க்குருவி

அவைத் தலைவர் அவர்களே, வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, முக்கியமாக மின்விசிறி இல்லாத பக்கம் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். சால்வை போட்ட அண்ணாச்சிக்குத் தனி நன்றி. இந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு பேசுவதே ஒரு சாதனைதான்.

வேலூருக்குச் சின்ன விமானம் கேட்கும் நம் மனுவையொட்டி மூன்று செய்தி சொல்ல வந்தேன். பாரமவுண்ட் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் எப்படிப் பிறந்தது, ஏன் விழுந்தது, பயணச்சீட்டு விலையை யார் தீர்மானிக்கிறார்கள்.

"உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது" என்பார்கள். சரி, ஆக வேண்டாமே! குருவிக்குக் குருவியின் வேலை இருக்கிறது.

மதுரை ஜவுளிக் குடும்பத்தைச் சேர்ந்த தியாகராஜன் 2005-இல் சென்னையிலிருந்து இந்த விமானங்களை விட்டார். பிரேசில் நாட்டு எம்பிரேயர் 170, 175 ரகங்கள். அதில் ஒரு கணக்கு இருந்தது. அப்போது 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்கு விமான நிலையத்தில் இறங்குகட்டணம் கிடையாது. 40,000 கிலோவுக்குக் குறைந்த எடை என்றால் எரிபொருள் விற்பனை வரி வெறும் 4 சதவீதம். பெரிய விமானக்காரர்கள் அதைப்போலப் பல மடங்கு கட்டினார்கள். ஜவுளிக்காரர் கணக்கு அல்லவா! அந்த மிச்சத்தில்தான் எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ் என்று அறிவித்தார்.

எங்கள் பெரியப்பா மதுரையிலிருந்து சென்னைக்கு அதில் வந்தார். மகன் எடுத்துக்கொடுத்த டிக்கெட். ஏறியதும் இரண்டிரண்டாக அகல இருக்கைகளைப் பார்த்து மிரண்டுவிட்டார். மடியில் மல்லிகைப்பூப் பொட்டலம், கையில் மஞ்சள்பை. "நம்ம சீட்டு பின்னாடி இருக்கும்" என்று வால் வரைக்கும் நடந்தார். அங்கேயும் அதே இருக்கை! திரும்பி முன்னால் வந்தார். பணிப்பெண் சிரித்துக்கொண்டே, "ஐயா, எல்லா இடமும் ஒன்றுதான்" என்றார். பெரியப்பா விடவில்லை. "அப்போ காசு அதிகம் கொடுத்தவன் எங்கே உட்காருவான்?" பக்கத்தில் இருந்த தொழிலதிபர், "உங்க பக்கத்துலதான்யா" என்றாராம். சென்னையில் இறங்கும்போது இருவரும் சம்பந்தி பேசுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். பூ பாதி அவர் வீட்டுக்குப் போனது.

விழுந்த கதை சுருக்கம். விமானங்களைக் குத்தகைக்குத் தந்தவர்களுடன் தகராறு, நீதிமன்றம், திரும்பப் பெறும் முயற்சி. சொந்த விமானம் இல்லாதவனுக்கு அது கழுத்துப்பிடி. 2010-இல் சேவை நின்றது. கோவையில் ஏர் கார்னிவல் 2016-இல் பிறந்து மறு ஆண்டே ஓய்ந்தது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டாவும் 2017-இல் நின்றது. வேடிக்கை என்னவென்றால், சின்ன ஊர்களை இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் விமானம் பறந்ததும் அதே 2017 ஏப்ரலில்தான்!

அந்த உடானில் நம் வேலூரின் அப்துல்லாபுரம் ஓடுதளமும் சேர்ந்தது, தலைவர் அவர்களே. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளி, சென்னையில் இறங்கி அப்புறம் மூன்று மணி நேரம் காரில் குலுங்க வேண்டுமா? கீமோ முடித்தவரைக் காட்பாடி நடைமேடையில் படுக்க வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பருந்து, அதாவது பெரிய விமானம், இங்கே இறங்காது. அதற்கு ஓடுதளம் போதாது. ஊர்க்குருவி இறங்கும். ஆனால் தனியார் ஒருவர் குத்தகைக்கு எடுத்து, தனியாக நஷ்டப்பட்டு, தனியாக விழட்டும் என்று விட்டால் இன்னொரு பாரமவுண்ட்தான். இந்தத் தடத்துக்கான அரசு மானியத்தை முதல் சில ஆண்டுகளோடு நிறுத்தாமல் தர வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள். முதல் கையெழுத்து தலைவருடையது என்று அவரைக் கேட்காமலே சொல்லிவைக்கிறேன்.