2003: முன்பே சொன்னவர்கள்

வணக்கம் மக்களே. ஒவ்வோர் ஆண்டாக எடுத்து உலக நிகழ்வுகளைப் பேசிக்கொண்டு வருகிறோம் அல்லவா, இன்றைக்கு 2003.

இந்த ஆண்டைச் சொன்னதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது ஈராக் போர். பாக்தாதில் சதாம் உசேன் சிலையைச் சாய்த்தது, டிசம்பரில் அவர் தாடியோடு குழிக்குள்ளிருந்து பிடிபட்டது, இதெல்லாம் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தவைதான். ஆனால் அந்த ஆண்டுச் செய்திகளைத் தேடித்தேடிப் படிக்கும்போது எனக்கு வேறு சிலர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார்கள். விபரீதம் நடப்பதற்கு முன்பே "இது சரியில்லை, ஒரு தடவை பாருங்கள்" என்று சொன்னவர்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கொலம்பியா விண்கலத்திலிருந்து தொடங்குகிறேன். ஜனவரி 16 அன்று புறப்பட்டது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உள்ளே. கிளம்பி ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக்காப்புத் துண்டு ஒன்று உடைந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. முக்கால் கிலோ எடைதான் இருக்கும். ஆனால் மோதிய வேகம் பயங்கரம். மறுநாளே வீடியோவில் அதைப் பார்த்துவிட்டார்கள்.

இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. நாசாவின் பொறியாளர்கள் சிலர், "இறக்கையைப் படம் எடுக்க வேண்டும், ராணுவத்திடம் அதற்கான கருவிகள் இருக்கின்றன, கேளுங்கள்" என்று கோரினார்கள். ஒரு தடவை இல்லை, வெவ்வேறு வழிகளில் கேட்டார்கள். மேலிடம் அதை நிறுத்திவிட்டது. இதற்கு முன்பும் நுரைத் துண்டுகள் விழுந்திருக்கின்றன, விண்கலங்கள் பத்திரமாகத் திரும்பியிருக்கின்றன, ஆகவே இதுவும் திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க இன்னும் 16 நிமிடம் இருக்கும்போது, டெக்சாஸ் வானத்தில் கொலம்பியா சிதறியது. விசாரணைக் குழு ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. நுரைத் துண்டு எவ்வளவு காரணமோ, நாசா நிறுவனம் பழகிப்போயிருந்த விதமும் அதே அளவு காரணம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். படம் எடுத்திருந்தால் ஏழு பேரையும் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் முயற்சி செய்து பார்ப்பதற்கான வாய்ப்பே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நம் தமிழ்நாடு அரசு துணிவுக்காகப் பெண்களுக்குக் கொடுக்கும் கல்பனா சாவ்லா விருது இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்ததுதான்.

சரி, ஈராக்குக்கு வருவோம். பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் உட்கார்ந்து, சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று படங்களோடு விளக்கினார். அதே அவையில் ஐ.நா.வின் ஆயுத ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், தங்கள் குழு அப்படி எதையும் கண்டெடுக்கவில்லை, வேலையை முடிக்க இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்றார். ஈராக் ஆப்பிரிக்க நாடான நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராதே மார்ச் 7 அன்று நேரடியாகவே சொன்னார். பிப்ரவரி 15 அன்று லண்டன், ரோம், மாட்ரிட் என்று நூற்றுக்கணக்கான நகரங்களில் போர் வேண்டாம் என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரிட்டனில் ராபின் குக் இந்தப் போரை எதிர்த்து அமைச்சர் பதவியையே ராஜினாமா செய்தார். எல்லாவற்றையும் தாண்டி மார்ச் 20 அன்று குண்டு விழத் தொடங்கியது. பிறகு அமெரிக்காவே அனுப்பிய குழு ஈராக் முழுக்கத் தேடியும், சொல்லப்பட்ட ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று பாக்தாத் அருங்காட்சியகம். போருக்கு முன்பே தொல்லியல் அறிஞர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனிடம் போய், இந்த இடத்தைக் காப்பாற்றுங்கள், கொள்ளை போகும் என்று எச்சரித்திருந்தார்கள். ஏப்ரல் 10 முதல் 12 வரை கொள்ளை நடந்தது. சுமார் 15,000 பொருட்கள் போயின. அதே நாட்களில் எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் அமெரிக்க ராணுவக் காவல் இருந்தது. வார்க்கா ஜாடி என்ற ஐயாயிரம் ஆண்டுப் பழமையான சிற்பக் கல் ஜாடி ஜூனில் உடைந்த நிலையில் திரும்பி வந்தது. பல பொருட்கள் இன்றுவரை வரவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

இப்போது வேறு மாதிரி நடந்த ஒன்றைப் பார்ப்போம். சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய்.

2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தொடங்கிய நோய். 2003 பிப்ரவரி 21 அன்று அங்கிருந்து ஒரு மருத்துவர் உறவினர் திருமணத்துக்காக ஹாங்காங் வந்து, மெட்ரோபோல் ஹோட்டலின் ஒன்பதாவது மாடியில் தங்கினார். அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. அந்த ஹோட்டலில் தங்கியிருந்தவர்கள் வழியாகத்தான் வியட்நாம் தலைநகர் ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ என்று நோய் போனது.

ஹனோய்க்கு வந்த நோயாளியைப் பார்த்த மருத்துவமனை, உலக சுகாதார நிறுவனத்தின் அங்கிருந்த மருத்துவரை அழைத்தது. கார்லோ உர்பானி, இத்தாலிக்காரர், தொற்றுநோய் நிபுணர். சாதாரண நிமோனியா என்று அவர் கடந்துபோகவில்லை. தினமும் மருத்துவமனைக்குப் போய் மாதிரிகள் எடுத்தார், தனிமைப்படுத்தும் முறையைச் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், ஜெனீவாவில் உள்ள நிறுவனத் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார். மார்ச் 9 அன்று வியட்நாம் சுகாதார அதிகாரிகளோடு நீண்ட பேச்சுவார்த்தை. சுற்றுலா பாதிக்கும், வெளிநாட்டுக்காரர்கள் வரமாட்டார்கள் என்றெல்லாம் தயங்குவதற்கு ஓர் அரசுக்கு எத்தனை காரணங்கள் இருந்திருக்கும்! ஆனாலும் அவர் பேச்சைக் கேட்டு நடந்தார்கள். மார்ச் 12 அன்று உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது.

அதற்கு முந்தைய நாள் உர்பானி ஒரு மாநாட்டுக்காக பாங்காக் போனார். விமானத்திலேயே காய்ச்சல். வரவேற்க வந்த சக மருத்துவரிடம் பக்கத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாதுகாப்பு உடையோடு ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தார்கள். மார்ச் 29 அன்று இறந்தார். வயது 46, மூன்று குழந்தைகள். வியட்நாமில் மொத்தம் 63 பேருக்குத்தான் நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 28 அன்று, சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடு என்று வியட்நாமை அறிவித்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

அப்புறம் சீனாவில் இன்னொரு மருத்துவர், சியாங் யான்யோங். ராணுவ மருத்துவமனையில் அறுவை நிபுணராக இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். பெய்ஜிங்கில் 12 பேருக்குத்தான் நோய் என்று சுகாதார அமைச்சர் டிவியில் சொன்னதைக் கேட்டார். ஒரே ஒரு ராணுவ மருத்துவமனையிலேயே அதைவிடப் பல மடங்கு நோயாளிகள் இருப்பது அவருக்குத் தெரியும். தன் பெயரோடு கடிதம் எழுதி ஊடகங்களுக்கு அனுப்பினார். சீன டிவி வெளியிடவில்லை, வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. ஏப்ரல் 20 அன்று அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள், நகரத்தின் கணக்கு ஒரே நாளில் 37-இலிருந்து 339 ஆனது. யோசித்துப் பாருங்கள், இந்த எண் இன்னும் ஒரு மாதம் மறைந்தே இருந்திருந்தால்? ஜூலை 5 அன்று நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்க எட்டாயிரம் பேருக்கு மேல் பாதிப்பு, 774 பேர் இறப்பு. சியாங்குக்கு முதலில் பாராட்டு கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1989-இல் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியது பற்றி இன்னொரு கடிதம் எழுதியதற்காக அவரைப் பிடித்து வைத்தார்கள். 2023 மார்ச்சில் காலமானார். இந்த இரண்டு மருத்துவர்களின் பெயரும் நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் வர வேண்டும் என்பது என் ஆசை.

ஐரோப்பாவின் வெப்ப அலை, ஈரானின் பாம் நிலநடுக்கம், அமெரிக்காவையும் கனடாவையும் இருட்டாக்கிய ஆகஸ்ட் 14 மின்தடை, இவை மூன்றும் இன்றைக்கு விட்டுப்போயின. அந்த மின்தடையில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநில மின் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளே செயலிழந்து கிடந்தது, அங்கிருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. அதைத் தனியாகவே பேச வேண்டும். அடுத்த வீடியோ அதுதான், வெள்ளிக்கிழமை மாலை போடுகிறேன்.