26 பார் வந்துவிட்டது!

வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட்டிலிருந்து! மீத்தேன் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து கட்டியாவதுதான் மீத்தேன் ஹைட்ரேட். அது கட்ட எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்குப் போடும் என் புரோகிராமில் சரியான விடை நேற்று இரவு ஒரு மணிக்கு வந்தது. 0 டிகிரியில் 26 பார் (பார் என்பது அழுத்த அலகு)! போன இரண்டு வீடியோவிலும் 60, 60 என்று புலம்பிக்கொண்டிருந்தேனே, அதே புரோகிராம்தான்.

சொல்ல மறந்துவிட்டேன், இது வேறு வாயு கலக்காத சுத்தமான மீத்தேனுக்கு. புரோகிராமில் இருப்பது 1959இல் வான் டெர் வால்ஸும் பிளாட்டியூவும் கொடுத்த கணக்கு மாடல். நோபல் வாங்கிய வான் டெர் வால்ஸ் இல்லை, இவர் வேறு.

"ஐஸுக்குள் கேஸ் மாட்டிக்கொண்டது" என்று எழுதுகிறார்கள் பாருங்கள், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஹைட்ரேட்டில் இருக்கும் கூண்டு சாதாரண ஐஸில் கிடையவே கிடையாது. ஹைட்ரேட்டில் தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டும், உள்ளே மீத்தேன் உட்கார்ந்தால்தான் அது நிற்கும்.

சரி, தப்பு எங்கே என்று கண்டுபிடித்த கதைக்கு வருகிறேன். கடலையும் குச்சியும் வைத்து அந்தக் கூண்டைக் கட்டிப் பார்க்கலாம் என்று, அம்மா சுண்டலுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டேன். பல்குத்தும் குச்சி டப்பா கடையில் 2 ரிங்கிட் 90 சென்! போன மாதம் 2.20. எழுபது சென் ஏற்றிவிட்டு, பாதிக் குச்சி முனை மழுங்கல். கடலையில் குத்தினால் கடலைதான் பிளக்கிறது. எனக்கு அவ்வளவு கோபம்!

இதோ, கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். சின்னக் கூண்டு: 20 கடலை, 30 குச்சி, 12 முகமும் ஐங்கோணம். பெரியது: 24 கடலை, 36 குச்சி, இரண்டு முகம் மட்டும் அறுகோணம். ஒரு கடலை என்றால் ஒரு தண்ணீர் மூலக்கூறு. இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்ட வைத்தேன். அப்போதுதான் உறைத்தது, கூண்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு கடலையும் நான்கு கூண்டுகளுக்குப் பொது. ஹைட்ரேட்டில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகில் சின்னக் கூண்டு 2, பெரியது 6. நாற்பதும் நூற்று நாற்பத்து நான்கும் 184, நாலால் வகுத்தால் 46 தண்ணீர். ஆக, ஒரு தண்ணீருக்குச் சின்னக் கூண்டு 1/23, பெரியது 3/23. புரோகிராமில் நான் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தேன்! மீத்தேன் பெரிய கூண்டில்தான் நன்றாக நிறையும். அதன் பங்கைக் குறைத்துவிட்டால், ஹைட்ரேட் கட்ட அழுத்தம் கூடத்தான் கேட்கும்.

இது ஏன் முக்கியம் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். சபா கடலில் கிக்கே எண்ணெய் வயல் ஏறக்குறைய 1,300 மீட்டர் ஆழம். அடியில் 4 டிகிரி அளவுதான் இருக்கும். அந்தக் குளிருக்கு 40 பாரே போதும், குழாய்க்குள் ஹைட்ரேட் கட்டி அடைத்துவிடும். கணக்கில் 60, 70 என்று தப்பாக வந்தால், கட்டாது என்று நம்பி, ஹைட்ரேட்டைத் தடுக்கும் மெத்தனாலை விடாமல் இருந்துவிடுவார்கள்.

அடுத்த வீடியோ புரொப்பேன் ஹைட்ரேட். அது வேறு அமைப்பு: 20 மூலைக் கூண்டு 16, 28 மூலைக் கூண்டு 8. கூட்டினால் 544, நாலால் வகுத்தால் 136. அம்மாவிடம் இன்னும் அரைக் கிலோ கடலை ஊறவைக்கச் சொல்லியாயிற்று. குச்சி மட்டும் வேறு கடையில்.