ரயில்வே ஆணையத்தில் எண்ணெய்க் கிணறு தேடுவது எப்படி? அரசு டேட்டாபேஸ்களுக்கு ஒரு முகவரிப் புத்தகம்

வணக்கம் நண்பர்களே, எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை, நேராக மேசை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக இதைப் பேசிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஒரு ஏசி கதை. நாங்கள் டாலஸ் பக்கம் குடிவந்த புதிதில், நல்ல ஜூலை மாத வெயிலில் வீட்டு ஏசி நின்றுபோனது. டெக்சாஸ் ஜூலையில் ஏசி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டோம், ஒருவர் வேனில் வந்தார், பார்த்தார், கம்ப்ரெஸர் போய்விட்டது, பாதிப் பணத்தை நாளைக் காலையில் கொடுத்துவிடுங்கள், மறுநாள் புதிது மாட்டிவிடலாம் என்றார். சொன்ன தொகை பெரிய தொகை. அப்போது நான் டிபெண்டென்ட் விசாவில் இருந்தேன், வேலைக்குப் போக முடியாது, அதனால் பக்கத்து நூலகத்தில் சம்பளமில்லாத உதவியாளராக வாரம் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு அங்கே போய், தகவல் மேசையில் இருக்கும் நூலகர் அம்மாவிடம் புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வேனில் டிஏசிஎல் என்று தொடங்கும் நம்பர் எழுதியிருந்ததா?

இருந்தது. என் மகன் வேனை போட்டோ எடுத்து வைத்திருந்தான். டெக்சாஸில் ஏசி ஒப்பந்தக்காரர்கள் லைசென்ஸ் நம்பரை வண்டியில் எழுதியே ஆக வேண்டும், அது விதி. அந்த நம்பரை அவர் ஒரு அரசுப் பக்கத்தில் தட்டினார். லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் உடனே வீட்டுக்கு போன் போட்டு, காலையில் பணம் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். அடுத்து வந்தவர் கெபாசிட்டர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மா அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போனார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூகுளுக்கே போகவில்லை. ஒரு பட்டியலைத் திறந்தார், டெக்சாஸ் என்பதை அழுத்தினார், லைசென்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே போனார், அவ்வளவுதான். அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

அமெரிக்க நூலகச் சங்கத்தில், அரசு ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் நூலகர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் கோடார்ட் என்பார்கள், 1972இல் தொடங்கியது. அவர்கள் நடத்துவதுதான் மாநில அரசுத் துறைகளின் டேட்டாபேஸ்களுக்கு, அதாவது நாம் தேடிப் பார்க்கக்கூடிய பதிவுத் தொகுப்புகளுக்கு, ஒரு பட்டியல். 50 மாநிலங்கள், கூடவே வாஷிங்டன் டிசி. முதலில் விக்கியாக, அதாவது பலர் சேர்ந்து திருத்தும் தளமாக இருந்தது, பிறகு நூலகங்கள் பயன்படுத்தும் லிப்கைட்ஸ் தளத்துக்கு மாறியது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் நூலகர்கள். யாருக்கும் இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. நான் டெக்சாஸ் பக்கத்துக்குக் கைகொடுக்கிற ஆள்: லிங்க் செத்துவிட்டதா என்று பார்ப்பேன், புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் எழுதி அனுப்புவேன், ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்.

கூகுள் இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கூகுள் ஒரு லிங்கிலிருந்து இன்னொரு லிங்குக்குத் தாவித் தாவிப் போய்த்தான் பக்கங்களைச் சேகரிக்கிறது. அரசு டேட்டாபேஸில் பெரும்பாலும் அப்படி லிங்க் இருக்காது, ஒரு காலிப் பெட்டி இருக்கும், அதில் நீங்கள் பெயரையோ நம்பரையோ தட்டினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் லட்சக்கணக்கான பதிவுகள் இருந்தாலும் கூகுளுக்குத் தெரிவது வாசல் பக்கம் மட்டும்தான். அந்த வாசலும் விளம்பரங்களுக்கும், இதே தகவலைக் காசுக்கு விற்கும் தளங்களுக்கும் கீழே எங்கேயோ கிடக்கும். அரசு இலவசமாகத் தருவதை இடையில் ஒருவன் 30 டாலருக்கு விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு சிக்கல், துறையின் பெயரை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இதோ ஸ்க்ரீனில் பாருங்கள், டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷன், ரயில்வே ஆணையம். 1891இல் ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்த ஏற்படுத்தினார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. 2005இல் மிச்சமிருந்த ரயில் பொறுப்பும் வேறு துறைக்குப் போய்விட்டது. இன்றைக்கு இந்த ஆணையம் பார்ப்பது எண்ணெய், எரிவாயு, குழாய்த்தடம், நிலக்கரிச் சுரங்கம். உங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய எண்ணெய்க் கிணறு இருக்கிறதா, பள்ளிக்கூடத்தை ஒட்டி எரிவாயுக் குழாய் போகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், அதற்கான வரைபடம் ரயில்வே ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. புதிதாக இங்கே வீடு வாங்கும் யாருக்காவது இது தோன்றுமா?

அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இந்தப் பட்டியலில் லிங்கைவிடப் பெரியது அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஒன்றிரண்டு வரி விளக்கம்தான். என்ன இருக்கிறது, எதை வைத்துத் தேடலாம், எந்த வருடத்திலிருந்து இருக்கிறது. ஒரு மனிதர் உள்ளே போய், நாலு தேடல் போட்டுப் பார்த்து, சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதிய வரி. அந்த வரியை எழுத எனக்குச் சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். துறையின் சொந்த விளக்கத்தை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்துவிடும், ஆனால் அது அவர்கள் அலுவலக மொழியில் இருக்கும், தேடி வருகிறவர் மனதில் இருக்கும் வார்த்தை அதில் இருக்காது.

உதாரணத்துக்குக் கிணறு தோண்டுவோர் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் நீர் மேம்பாட்டு வாரியம் வைத்திருப்பது. லைசென்ஸ் உள்ள துளையிடுபவர் தண்ணீருக்குக் கிணறு போட்டால், எத்தனை அடி போனார், என்ன மண், என்ன பாறை, தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று அறிக்கை தர வேண்டும். தலைப்பைப் பார்த்தால் யாரும் அழுத்த மாட்டார்கள். ஆனால் ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் வாங்க நினைத்த ஒரு நண்பருக்கு இதைத்தான் காட்டினேன், சுற்றியிருந்த கிணறுகள் எல்லாம் எவ்வளவு ஆழம் என்று வரைபடத்திலேயே பார்த்துவிட்டு, அப்புறம்தான் விலை பேசப் போனார். நம் ஊரில் போர் போடுவதற்கு முன்னால் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடப்பவரைக் கூப்பிட்டவர்கள்தானே நாம், இந்த அறிக்கையின் மதிப்பு நமக்கு நன்றாகவே தெரியும். அதே வாரியம் நீர்த்தேக்கங்களில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்பதையும் தினமும் போடுகிறது. என் அப்பா காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் மேட்டூர் அணை எத்தனை அடி என்றுதான் முதலில் பார்ப்பார், நான் இங்கே அதையே போனில் பார்க்கிறேன்.

சரி, லிங்கைச் சோதிப்பது எப்படி என்று கமெண்ட்டில் கேட்டிருந்தீர்கள். சாஃப்ட்வேர் இருக்கிறது, ஓடவிட்டால் எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று சொல்லிவிடும். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. பல துறைகள் தளத்தை மாற்றும்போது பழைய முகவரி எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை பக்கம் திறந்துவிட்டது, பச்சை விளக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் டேட்டாபேஸ் இல்லை, துறைத் தலைவரின் சிரித்த முகம் இருக்கும். அதனால் நான் ஒவ்வொன்றையும் திறந்து, நிஜமாகவே ஒரு தேடல் போடுவேன். லைசென்ஸ் பக்கம் என்றால் கார்சியா என்று தட்டுவேன், டெக்சாஸில் கார்சியா இல்லாத தொழில் கிடையாது. ஒரு பதிவுகூட வரவில்லை என்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். தேதியையும் பார்ப்பேன். பக்கம் அழகாகத் திறக்கும், தேடலும் வேலை செய்யும், ஆனால் கடைசிப் பதிவு நாலு வருடம் பழையதாக இருக்கும். அதை எடுத்துவிடுவதா, பழையது என்று குறிப்பு எழுதி வைத்திருப்பதா என்று யோசிக்க வேண்டும். என் பழக்கம், குறிப்பு எழுதி வைத்திருப்பது. பழைய பதிவும் யாருக்காவது தேவைப்படும்.

லிங்குகள் ஏன் இவ்வளவு வேகமாகச் சாகின்றன? துறைகளே மாறிக்கொண்டிருப்பதுதான் பெரிய காரணம். டெக்சாஸில் 1977 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, சூரிய அஸ்தமனச் சட்டம் என்றே பெயர். பெரும்பாலான மாநில அமைப்புகளுக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, வழக்கமாக 12 வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்கும், சட்டமன்றம் தொடரட்டும் என்று சட்டம் போடாவிட்டால் அந்த அமைப்பு கலைந்துவிடும். 2019இல் பிளம்பர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்துக்கு அப்படித்தான் ஆனது. அதைத் தொழில் லைசென்ஸ் துறையோடு சேர்க்க வந்த மசோதா தோற்றுப்போனது, வாரியம் கலையும் நிலைக்கே வந்துவிட்டது, கடைசியில் ஆளுநர் ஓர் ஆணை போட்டு நீட்டித்தார். செய்தியில் அது அரசியல் சண்டை. பிளம்பர் லைசென்ஸைத் தேடுகிறவருக்கு அது, நாளைக்கு எந்த முகவரிக்குப் போவது என்ற கேள்வி. குழந்தைக் காப்பகங்கள் விஷயமும் அப்படித்தான், 2017இல் அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போனது. காப்பகத்தில் ஆய்வாளர் எப்போது வந்தார், என்ன குறை கண்டார் என்று பெற்றோர் பார்க்கும் பக்கம் அது. அம்மாவாக இருக்கும் எவருக்கும் அந்த லிங்க் ஒரு நாள்கூட உடைந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

எதைச் சேர்க்க மாட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி மதிப்பு பார்க்கும் பக்கம் ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள், அது கௌன்ட்டி அளவில், நம் ஊர் மாவட்டம் மாதிரியான அளவில் இருப்பது, டெக்சாஸில் 254 கௌன்ட்டிகள், இந்தப் பட்டியல் மாநிலத் துறைகளுக்கு மட்டும். வெறும் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடப்பதும் சேராது, தேடக்கூடியதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, நாங்கள் வழிதான் காட்டுகிறோம், தரவை நகல் எடுத்து வைப்பதில்லை. அந்த வேலையை வேறு தன்னார்வலர்கள் செய்கிறார்கள். 2025 தொடக்கத்தில் மத்திய அரசுத் தளங்களிலிருந்து சுகாதாரப் பக்கங்களும் தரவுகளும் திடீரென்று காணாமல் போனபோது, நூலகர்களும் தரவுத் துறையினரும் சேர்ந்து டேட்டா ரெஸ்க்யூ ப்ராஜெக்ட் என்று தொடங்கி, யார் எதைக் காப்பாற்றி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கணக்கு எடுத்து வைத்தார்கள். அவர்களுக்கு என் கும்பிடு.

அப்புறம், உங்களுக்கு உடனே உதவும் ஒன்று: கோரப்படாத பணம். நம் ஆட்கள் அடிக்கடி வேலை மாறி ஊர் மாறுகிறோம், பழைய கம்பெனியின் கடைசிச் செக், மின்சார டெபாசிட் எல்லாம் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடும். குறிப்பிட்ட காலம் ஆனதும் கம்பெனி அதை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும், டெக்சாஸில் சம்பளப் பாக்கி என்றால் ஒரே வருடம். மாநிலக் கணக்கு அதிகாரியின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், கேட்டுப் பெறுவதற்குக் கட்டணம் கிடையாது. நம் பெயர்களில் ஒரு விஷயம் கவனியுங்கள், அப்பா பெயரை முதலில் போட்டும் கடைசியில் போட்டும் இரண்டு விதமாகவும் தேடுங்கள், முழுப்பெயரை இனிஷியலோடு சேர்த்து எழுதியதையும் பாருங்கள். இந்தக் குறிப்பை விளக்கத்திலும் ஒரு வரி சேர்க்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் மகன் கதவருகில் நிற்கிறான், அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பட்டியலில் அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறை எந்தக் குளத்தில் எந்தத் தேதியில் மீன் விடுகிறது என்ற அட்டவணை. குளிர்காலத்தில் ஊருக்குள் இருக்கும் சின்னக் குளங்களில்கூட ரெயின்போ ட்ரவுட் விடுவார்கள், 17 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. இதோ, அவனே தட்டுகிறான், எங்கள் பக்கத்துக் குளத்தின் பெயர்... இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். லிங்கும் உயிரோடு இருக்கிறது, இன்றைய தேதி போட்டுக் குறித்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை நாங்கள் குளத்தங்கரையில் இருப்போம், கேமராவையும் எடுத்து வருகிறேன்.