பிலிப்பைன்ஸ் காசு: இது ஒன்றா, ஐந்தா?

(திரையில்: உள்ளங்கையில் இரண்டு வெள்ளி நிறக் காசுகள்)

இதில் ஒன்று 1 பெசோ, இன்னொன்று 5 பெசோ. எது எது என்று சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம். முடியவில்லையா? பரவாயில்லை, பிலிப்பைன்ஸ்காரர்களே திணறியிருக்கிறார்கள்.

வணக்கம் மக்களே! அடிப்படையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பெசோ, ஸ்பானியர்கள் விட்டுப்போன பெயர். 100 சென்டிமோ சேர்ந்தால் ஒரு பெசோ. நம் பணத்தில் சுமார் ஒன்றரை ரூபாய். அவ்வளவுதான்.

இப்போது காசுக்கு வருவோம். பழைய 5 பெசோ மஞ்சளாக இருக்கும், குழப்பமே கிடையாது. 2017 கடைசியில் தொடங்கி புது வரிசைக் காசுகள் வந்தன. இரண்டுமே வெள்ளி நிறம், இரண்டுமே வட்டம். 1 பெசோ 23 மில்லிமீட்டர், 5 பெசோ 25. வெறும் இரண்டு மில்லிமீட்டரை நம்பி நாட்டின் சில்லறையையே இறக்கிவிட்டார்கள்!

(திரையில்: ஜீப்னியின் உள்பக்கம்)

இந்தக் காசு எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். இதுதான் ஜீப்னி, அந்த ஊர் ஷேர் வண்டி. எதிரெதிரே இரண்டு நீள பெஞ்சு. பின்னால் உட்கார்ந்தவர் "பாயாட் போ" (கட்டணம் இதோ, ஐயா) என்று காசை நீட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க, கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போகும். அவர் ஓட்டிக்கொண்டே மீதியை எண்ணி, அதே வழியில் திருப்பி அனுப்புவார். "காலையில் சில்லறை மட்டும்" என்று பல வண்டிகளில் எழுதியே வைத்திருப்பார்கள். அங்கே போய் 1000 பெசோவை நீட்டிவிடாதீர்கள், மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்கும்.

அந்தக் குலுக்கலில், அரை இருட்டில், காசில் இருக்கும் தேசிய வீரர் 1 பெசோவின் ரிசாலா, 5 பெசோவின் போனிஃபாசியோவா என்று யார் பார்ப்பது? புகார் குவிந்தது. 2019 டிசம்பரில் 5 பெசோவுக்கு ஒன்பது பக்கம் வைத்தார்கள். இப்போது பார்க்கவே வேண்டாம், விரலே சொல்லிவிடும். மஞ்சளை அப்படியே விட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை என்பது என் கட்சி.

கூடவே 20 பெசோவுக்கும் காசு வந்தது. தாள் சீக்கிரம் நைந்துபோகிறதாம்.

நோட்டுகளில் ஒரே ஒரு சேதி. 1000 பெசோவில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் உயிரைவிட்ட மூன்று பேர் இருந்தார்கள்: அபாத் சாந்தோஸ், விசென்டே லிம், ஹோசெஃபா எஸ்கோடா. 2022இல் வந்த பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டில் அந்த இடத்தில் பிலிப்பைன்ஸ் கழுகு! எதிர்ப்பு கிளம்பியது. 2024 டிசம்பரில் 50, 100, 500க்கும் விலங்கும் பறவையும் வந்துவிட்டன.

கழுகு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பின்பக்கம் போட்டிருக்கலாமே? நீங்கள் எந்தக் கட்சி? கமெண்டில் வந்து சண்டை போடுங்கள்.